பட்டாணி அளவுச் சுரப்பியும் பேராசிரியர் ஹூசேயும்



அர்ஜென்டினா என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பந்து விளையாட்டுதான் ஞாபகம் வரும். மரடோனா, மெஸ்ஸி என்று வரிசையாகச் சொல்லுவார்கள். அதே நாட்டில் பிறந்த இன்னொருவரை இந்த மலரின் வழியாக உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். அவர் பெயர் பெர்னார்டோ ஹூசே. நம் லயங்களில் இனிப்பு நீர் என்று சொல்கிறோமே, அந்த வியாதியைப் பற்றி உலகத்துக்கு ஒரு பெரிய உண்மையைக் காட்டியவர். 2019ஆம் ஆண்டு நம் நாட்டில் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பில், வயது வந்த இந்தியர்களில் பத்துப் பேருக்கு மூன்று பேர் இந்த வியாதி உள்ளவர்கள் என்று தெரிந்தது. ஆகவே இது ஏதோ தூரதேசத்துக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

ஹூசே 1887ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் புவனோஸ் அயர்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். பையன் படிப்பில் புலி. 14 வயதிலேயே பல்கலைக் கழகத்தில் மருந்தியல் படிக்கச் சேர்ந்து 17 வயதில் பட்டம் வாங்கிவிட்டார். பிறகு மருத்துவம். அதை முடிப்பதற்கு முன்பே கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. 1911இல் டாக்டர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் பிட்யூட்டரி சுரப்பி. அன்று பிடித்த பிடியைக் கடைசி வரை அவர் விடவில்லை.

அது என்ன பிட்யூட்டரி? மூக்குக்குப் பின்னால், மூளையின் அடிப்பக்கத்தில், எலும்புக் குழி ஒன்றில் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி. பட்டாணி அளவுதான், எடை அரை கிராம் சுமார். மூக்கில் ஒழுகும் சளி இங்கிருந்துதான் வருகிறது என்று ஒரு காலத்தில் ஐரோப்பாவில் நம்பினார்கள். தமிழில் கபச் சுரப்பி என்று எழுதுவதும் அந்தப் பழைய எண்ணத்தின் மிச்சம்தான். உண்மையில் அதற்கும் சளிக்கும் சம்பந்தமே இல்லை. அதன் முன்பகுதி ஆறு முக்கியமான ஹார்மோன்களை ரத்தத்தில் கலக்கிறது. பிள்ளைகள் வளர ஒன்று. தாய்க்குப் பால் சுரக்க ஒன்று. கழுத்திலுள்ள தைராய்டை வேலை வாங்க ஒன்று, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினலை வேலை வாங்க ஒன்று. மற்ற இரண்டும் பிள்ளைப்பேறு சம்பந்தப்பட்டவை. தோட்டத்தில் ஒரு கங்காணி எத்தனை பேரை வேலை வாங்குவார், அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1919இல் ஹூசே மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியர் ஆனார். இரண்டு வருஷம் கழித்து, 1921இல், கனடாவில் பான்டிங், பெஸ்ட் இருவரும் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். கணையம் கெட்டால் இனிப்பு நீர், இன்சுலின் கொடுத்தால் சரி, கதை முடிந்தது என்று பலரும் நினைத்தார்கள். ஹூசேக்கு மட்டும் திருப்தி இல்லை. பிட்யூட்டரி எடுக்கப்பட்ட நாய்க்குக் கொஞ்சம் இன்சுலின் கொடுத்தாலே சர்க்கரை தடாலென்று இறங்கி நாய் சுருண்டு விழுவதை அவர் கண்டார். அப்படியானால் சர்க்கரையை இறங்கவிடாமல் பிடித்து நிறுத்துவது அந்தச் சுரப்பியாக இருக்குமோ?

அந்த ஊரில் நிறையக் கிடைக்கும் தேரைகளை வைத்தும் நாய்களை வைத்தும் வருஷக்கணக்காகச் சோதித்தார். கணையத்தை எடுத்தால் நாய்க்குக் கடுமையான இனிப்பு நீர் வரும். அதோடு பிட்யூட்டரியையும் எடுத்துவிட்டால் வியாதியின் வேகம் குறைந்துபோகும். மாறாக, முன்பகுதியின் சாற்றை நல்ல பிராணிக்கு ஊசி போட்டால் சர்க்கரை ஏறும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை அவர் சந்தேகமற நிரூபித்தார். நாய்களை நினைத்தால் மனசு சங்கடப்படத்தான் செய்கிறது. ஆனால் இன்சுலினும் நாய்களை வைத்துத்தான் கிடைத்தது.

தாப்பாவுக்கு இறங்கும் லாரியை நினைத்துப் பாருங்க. எண்ணெயை மிதிக்க ஒன்று, பிரேக் பிடிக்க ஒன்று, இரண்டும் சரியாக இருந்தால்தான் வளைவில் திரும்ப முடியும். ரத்தத்தில் சர்க்கரையை இன்சுலின் இறக்குகிறது, பிட்யூட்டரியின் வளர்ச்சி ஹார்மோனும், அது வேலை வாங்கும் அட்ரினலும் ஏற்றுகின்றன. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் கொழுந்து எடுக்கப் போகும் அம்மா மயங்கி விழாமல் நிற்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். ஆனால் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் பசியாறாமல் மலை ஏறினால், ஊசி மருந்தின் இழுப்புக்கு இந்தச் சுரப்பியால் ஈடுகொடுக்க முடியாமல் போகலாம். வேர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் உடனே சீனி கலந்த தண்ணீரோ மிட்டாயோ கொடுக்க வேண்டும். அவர்கள் சட்டைப்பையில் நாலு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். நம்மவர்களில் பெரும்பாலோருக்கு வரும் இனிப்பு நீருக்குப் பிட்யூட்டரி காரணம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

பிட்யூட்டரிச் சாற்றை மீன்களுக்கு ஊசி போட்டுப் பார்த்த முன்னோடிகளிலும் ஹூசே ஒருவர். குட்டி போடும் சிறு மீன்கள் காலத்துக்கு முன்பே ஈன்றன. அந்த வழியில் பிரேசில்காரர்கள் போனார்கள். பின்பு 1957 ஜூலை 10ஆம் நாள் இந்தியாவில் ஒரிசா மாநிலத்தில் ஹிராலால் சவுத்ரி, அலிகுன்ஹி இருவரும், ஆற்றில் மட்டுமே முட்டையிடும் கெண்டை மீன்களை இந்த ஊசியால் முட்டையிட வைத்தார்கள். இந்தியக் குளங்களில் ரோகு மீன் பெருகியது அதன் பிறகுதான்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. 1943இல் அர்ஜென்டினாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜனநாயகம் வேண்டும் என்று கேட்ட அறிக்கையில் பலரோடு ஹூசேயும் கையெழுத்துப் போட்டார். விளைவு, வேலை போயிற்று. அப்போது அவருக்கு வயது 56. வெளிநாடுகளிலிருந்து அழைப்புகள் வந்தன. போயிருந்தால் சௌகரியமாக வாழ்ந்திருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. தனியார் தந்த பணத்தைக் கொண்டு 1944இல் ஒரு சாதாரண வீட்டில் ஆராய்ச்சிக் கூடம் திறந்தார். 1945இல் வேலையைத் திருப்பிக் கொடுத்தார்கள், மறு வருஷமே மறுபடி பறித்தார்கள். அந்தத் தனியார் கூடத்தில் இருக்கும்போதுதான், 1947இல், நோபல் பரிசு வந்தது. பரிசில் பாதி அவருக்கு, மறுபாதி அமெரிக்காவில் சர்க்கரையை ஆராய்ந்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதிக்கு. விஞ்ஞானத்துக்காக நோபல் பெற்ற முதல் லத்தீன் அமெரிக்கர் ஹூசேதான்.

அவருடைய மாணவர் லூயிஸ் லெலுவார், ஆசிரியரை நீக்கியதைப் பொறுக்காமல் தாமும் வேலையை விட்டவர். சில காலம் அமெரிக்காவுக்குப் போய்க் கோரி தம்பதியிடம் வேலை செய்துவிட்டுத் திரும்பினார். 1955இல் ஆட்சி மாறிய பிறகு ஹூசேக்குப் பல்கலைக் கழகத்தில் பழைய இடம் கிடைத்தது. 1958இல் தொடங்கிய தேசிய ஆராய்ச்சி மன்றத்துக்கு அவரே முதல் தலைவர். 1970இல் லெலுவாருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் தமது 84ஆம் வயதில் ஹூசே காலமானார். அவர் பிறந்த ஏப்ரல் 10ஆம் நாளை அர்ஜென்டினா மக்கள் விஞ்ஞான ஆராய்ச்சியாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.