மகேசசந்திரர் கண்ட காப்பு

சதுரங்கத்தில் வெள்ளைக்காயர் அரசன்முன் நிற்கும் காலாளை இரண்டு கட்டம் செலுத்தித் தொடங்கின், கருங்காயர் யாது செய்தல் வேண்டும்? இவ்வினாவுக்குத் தமக்கென ஒரு விடை கண்டவர் வங்கநாட்டு அந்தணர் மகேசசந்திர பானர்ஜி.

கல்கத்தாச் சதுரங்கச் சங்கத்தார் ஒருவர் 1848ஆம் ஆண்டளவில் இவரைச் சிற்றூரொன்றிற் கண்டு, ஸ்கொத்லாந்து நியாயவாதியும் பேர்பெற்ற ஆட்டக்காரருமான ஜோன் கொக்ரேனிடம் சேர்த்தார். இருவரும் ஆடியவை நூற்றுக்கணக்கின; மகேசசந்திரர் தோற்றவையே மிகுதி.

எதிர்க்காலாளையும் இரண்டு கட்டம் செலுத்துதலே அந்நாள் ஐரோப்பியர் வழக்கு. மகேசசந்திரரும் அவ்வாறு ஆடியதுண்டு. எனினும் அவர் பயின்ற நாட்டுச் சதுரங்கத்திற் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அப்பழக்கமே புதுநெறியாயிற்று. அரசிமுன் நின்ற காலாளை ஒரு கட்டம் நகர்த்துவார். அரசன் பக்கத்துக் குதிரைமுன் நின்ற காலாளையும் அவ்வாறே உயர்த்தி, அது நின்ற இடத்தில் மூலைவழி பாயும் காயை அமர்த்துவார். நடுக்களத்தை எதிரிக்கு விட்டுப் பின்னர்த் தாக்குவார். இவ்வண்ணம் ஆடிய ஓராட்டத்தில் தம் அரசியை வெட்டக் கொடுத்து, கொக்ரேனின் அரசியையும் பற்றி வென்றார்.

இந்நெறி 20ஆம் நூற்றாண்டிலேயே பெருவழக்காயிற்று. மகேசசந்திரரை எதிர்த்துக் கொக்ரேன் ஆடிய குதிரைப்பலி இன்றும் கொக்ரேன் பெயரால் வழங்குகின்றது. மகேசசந்திரர் கண்ட காப்போ, பின்வந்த சுலோவீனியர் பிர்ச்சின் பெயர் பெற்றது.

மட்டக்களப்பு வாவிக்கரைப் பள்ளிகளிற் கருங்காயுடன் அமரும் சிறார், அக்காப்பை ஆடும்போதேனும் அவரை நினைவுகூர்தல் தகும்.