பரீட்சையைத் துறந்த பெரியசாமித் தூரன்

சர்வகலாசாலைப் படிப்பின் பயன் யாது என்று கேட்டால், உத்தியோகம் என்று விடை கூறுவதே நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. நிலத்தை ஈடு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கும் கொங்கு நாட்டுக் குடியானவர் அதை எதிர்பார்ப்பதில் குற்றமில்லை. ஆனால், கற்ற கல்வி அத்துடன் முடிந்துவிட வேண்டுமா? ம. ப. பெரியசாமித் தூரனின் சரிதை இதற்குத் தக்க விடை பகர்கின்றது.

தூரன் 1908-ம் வருஷம் செப்டம்பர் 26-ந் தேதி ஈரோட்டையடுத்த மஞ்சக்காட்டுவலசில் பிறந்தார். சென்னையில் கலாசாலை மாணவராக இருந்தபோதே நண்பர்களுடன் கூடி வனமலர்ச் சங்கம் கண்டார். 'பித்தன்' என்னும் பத்திரிகையும் நடத்தினார். பிற்காலத்தில் மத்திய மந்திரியாக விளங்கிய பொள்ளாச்சி சி. சுப்பிரமணியம் அத்தோழர்களுள் ஒருவர். 1931 மார்ச் 23-ந் தேதி பகத் சிங் தூக்கிலிடப்பட்டார். அக்கொடுமையைக் கண்டிக்கும் பொருட்டுத் தூரன் தமது பட்டப் பரீட்சையை எழுத மறுத்தார். பல வருஷ உழைப்பின் பலன் கைக்கெட்டும் சமயத்தில் அதை உதறுவது எளிய காரியமன்று.

தேர்வைத் துறந்தவர் கல்வியைத் துறந்தாரில்லை. கோயமுத்தூரில் தி. சு. அவினாசிலிங்கம் 1930-ல் தோற்றுவித்த ராமகிருஷ்ண வித்தியாலயத்தில் ஆசிரியராக அமர்ந்தார். பழைய சுதேசமித்திரன் இதழ்களில் புதைந்து கிடந்த பாரதியாரின் எழுத்துக்களைத் தேடித் தொகுத்தார். மனத்தின் இயல்பையும் பரம்பரைக் குணங்களையும் பற்றிய சாஸ்திர விஷயங்களை எளிய தமிழில் எழுதினார். நூற்றுக்கணக்கான கீர்த்தனைகளையும் இயற்றினார்.

1946-ல் அவினாசிலிங்கத்தின் முயற்சியால் தமிழ் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றது. அதன் கலைக்களஞ்சியத்துக்குத் தூரனே பிரதம ஆசிரியரானார். தமிழில் சாஸ்திரங்களை எழுத இயலாது என்று படித்தவர்களே பேசிவந்த காலம் அது. பல துறை அறிஞர்களிடம் கட்டுரை பெற்று, கலைச்சொற்களைச் சீர்ப்படுத்தி, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை அவர் வெளிக் கொணர்ந்தார். பின்னர்க் குழந்தைகளுக்கென மற்றும் பத்துத் தொகுதிகள் 1976-க்குள் நிறைவெய்தின. 1968-ல் பத்ம பூஷண் விருது அவரை வந்தடைந்தது. 1987 ஜனவரி 20-ந் தேதி அவர் காலமானார்.

இன்று கோவையில் கலாசாலைகள் மலிந்திருக்கின்றன. பட்டதாரிகளும் ஆண்டுதோறும் பெருகுகின்றனர். தாம் கற்ற சாஸ்திரத்தைத் தம் ஊராருக்குத் தாய்மொழியில் எடுத்துரைக்க வல்லவர் அவர்களுள் எத்தனை பேர்? பட்டம் பெற்றோர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே. உத்தியோகம் ஒரு குடும்பத்தைக் காக்கும். ஊருக்குப் பகிர்ந்தளித்த கல்வியோ ஒரு சமூகத்தையே உயர்த்தும்.