இரண்டு மயில், ஒரு மான்

அசோகனை நான் முதலில் அறிந்தது வன்னியில், இடம்பெயர்ந்த பள்ளிக்கூடமொன்றின் மரத்தடி வகுப்பில். கலிங்கப் போர்க்களத்தைப் பார்த்ததும் அரசன் மனம் மாறிவிட்டான் என்றார் சரித்திர ரீச்சர். அவ்வளவு கெதியாக ஒருவர் மாறுவாரா என்று எனக்குப் பின்னால் இருந்தவன் கேட்டான். ஷெல் சத்தம் கேட்டது, வகுப்பு கலைந்தது. கேள்வி மட்டும் என்னோடு வந்தது.

பிற்காலத்தில் அவனுடைய கல்வெட்டுகளின் மொழிபெயர்ப்பை வாசித்தபோது முதலில் சிரிப்புத்தான் வந்தது. முன்பு தன் சமையல்கூடத்தில் நாள்தோறும் இலட்சக்கணக்கான உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது மூன்றுதான் என்று பாறையில் கணக்கு எழுதி வைத்திருக்கிறான். இரண்டு மயில், ஒரு மான். மான்கூட எந்நாளும் இல்லையாம். இந்த மூன்றையும் இனிமேல் விட்டுவிடுவதாக ஒரு வாக்குறுதி வேறு. ஒவ்வொரு பொங்கலுக்கும் சுருட்டை விடப்போவதாகச் சொல்லும் எங்கள் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. அவரும் நாளைக்கு மூன்றாகக் குறைத்தவர்தான்.

ஆனால் அந்த மயில்தான் என்னை நம்ப வைத்தது. பொய்க்காரன் என்றால் இறைச்சியே தொடுவதில்லை என்று எழுதியிருப்பான். உபாசகனாகியும் ஒரு வருடம் பெரிதாக முயற்சி செய்யவில்லை என்று வேறொரு கல்வெட்டில் தானே ஒத்துக்கொள்கிறான்.

முடிசூடி 8 வருடங்களின் பின் கலிங்கத்தை, அதாவது இன்றைய ஒடிசாவை, அவன் பிடித்தான். 13ஆவது பாறைக் கல்வெட்டில் அதன் கணக்கைச் சொல்கிறான்: 150,000 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள், 100,000 பேர் கொல்லப்பட்டார்கள், அதைவிடப் பல மடங்கினர் மாண்டார்கள். உயிர் தப்பியவர்களும் உறவுகளுக்கு நேர்ந்ததை எண்ணித் துன்பப்படுகிறார்கள் என்கிறான். கொன்றவனே இலக்கம் சொல்வது எவ்வளவு அரிது என்பதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அதே கல்வெட்டில் காட்டுவாசிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு: வருந்துகிறேன், ஆனாலும் தண்டிக்கும் பலம் என்னிடம் இருக்கிறது. மரணதண்டனையையும் அவன் ஒழிக்கவில்லை. முடிசூடி 26 வருடங்களின் பின்னும் தண்டனைக்குரியவர்களுக்கு 3 நாள் அவகாசம்தான் கொடுத்தான். கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

அந்த 13ஆவது கல்வெட்டு குஜராத்தின் கிர்நாரில் இருக்கிறது, பாகிஸ்தானின் ஷாபாஸ்கரியில் இருக்கிறது, கந்தகாரில் கிரேக்க மொழியிலும் இருக்கிறது. சோழர், பாண்டியர், இலங்கையைக் குறிக்கும் தாம்பரபரணி என்ற பெயர்களும் அதில் வருகின்றன. கலிங்கத்திலே, தௌலியிலும் ஜௌகடாவிலும், அவனுடைய மற்றக் கட்டளைகளை வெட்டி வைத்தார்கள். இதை வெட்டவில்லை.

வெட்கமா, கிளர்ச்சிப் பயமா? இரண்டும் என்றே நினைக்கிறேன். அதற்குப் பதிலாக அங்கே அதிகாரிகளுக்கு உத்தரவுகள் இருக்கின்றன. மனிதர் எல்லோரும் தன் பிள்ளைகள், காரணமின்றி எவரையும் அடைத்து வைக்கவோ வதைக்கவோ கூடாது, இதைக் கவனிக்க 5 வருடத்துக்கு ஒருமுறை கடுமையில்லாத ஓர் அதிகாரி வருவார் என்கிறான். நல்ல உத்தரவுகள்தான். பூச நட்சத்திர நாளில் இவற்றை வாசித்துக் காட்டவேண்டும். இடைநாட்களில் ஒரேயொருவர் கேட்க வந்தாலும் வாசிக்கலாம்.

தௌலிப் பாறையடியில் அப்படித் தனியே வந்து நின்ற ஒருத்தியை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அதிகாரி கடைசி வரிவரை வாசித்திருப்பான். அவளுடைய ஆட்களுக்கு என்ன நடந்தது என்பதைப்பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.