உருக்காமல் தப்பிய வெள்ளி

1995 இடம்பெயர்வில் அம்மா வெள்ளிச் செம்பையும் குத்துவிளக்கையும் கிணற்றடியில் தாட்டுவிட்டுத்தான் வெளிக்கிட்டார். திரும்பி வந்தபோது குழிதான் இருந்தது. அதனாலோ என்னவோ, பழைய வெள்ளிப் பாத்திரம் எதைப் பார்த்தாலும் அது எப்படித் தப்பியது என்றுதான் முதலில் தேடுவேன். பிரான்சுவா தோமா ஜெர்மேன் எனக்கு அறிமுகமானதும் அப்படித்தான்.

1726இல் பிறந்தவர். தந்தை தோமா ஜெர்மேன் பிரெஞ்சு மன்னரின் பொற்கொல்லர். எங்கள் ஊரில் பத்தர் என்போம். லூவர் மாளிகையிலேயே அவருக்கு வீடும் பட்டறையும் இருந்தன. 1748இல் தந்தை இறக்க, 22 வயதில் அந்தப் பதவி மகனுக்கு வந்தது.

போர்த்துக்கல் அரசவைக்குத் தந்தை செய்து கொடுத்த வெள்ளி 1755 நவம்பர் 1ஆம் திகதி லிஸ்பன் நிலநடுக்கத்தோடு போயிற்று. ஆற்றங்கரை அரண்மனையை நடுக்கமும் கடலலையும் தீயும் அழித்தன. நகரமே இடிந்து கிடக்கையில் மன்னர் முதலாம் ஜோசே மேசைப் பாத்திரங்களுக்கு மீண்டும் பாரிஸில்தான் ஓடர் கொடுத்தார். வீடிழந்த சனங்களை நினைத்தால் எனக்கு இது உறுத்துகிறது. ஆனாலும் வேலை அபாரம். 1757இல் செய்த கோப்பிக் கேத்தல் ஒன்றில் கோப்பி இலையும் காயும் வெள்ளியிலேயே படர்ந்திருக்கும்.

அதே காலத்தில் பிரான்ஸ் ஏழாண்டுப் போரில் சிக்கியிருந்தது. கஜானா வற்றியதும் 1759இல் பதினைந்தாம் லூயி தன் வெள்ளியை நாணயச் சாலைக்கு அனுப்பினார். பிரபுக்களையும் அனுப்பச் சொன்னார். 1689இலும் ஒரு போருக்காக அவருடைய முப்பாட்டன் இதையேதான் செய்தார். சொந்த மன்னருக்கு ஜெர்மேன் குடும்பம் செய்தவற்றில் பெரும்பகுதி இப்படி உருகிப்போக, அந்நிய மன்னருக்குச் செய்தது மிஞ்சியது.

ஜெர்மேனின் வாழ்வு மிஞ்சவில்லை. ரஷ்யாவரை ஓடர்கள் வந்தும் கடன் ஏறியது. பொற்கொல்லருக்குத் தடைசெய்யப்பட்டிருந்தும் பணமுதலைகளோடு கூட்டுச் சேர்ந்தார். 1765இல் வங்குரோத்து. பதவியும் லூவர் வீடும் பறிபோனபோது வயது 39. அதன்பின் 26 ஆண்டுகள் பழைய பெயர் திரும்பவேயில்லை. 1791இல், புரட்சியின் நடுவே இறந்தார்.

லிஸ்பனுக்குப் போன வெள்ளியில் பெரும் தொகுதி இன்று அங்குள்ள தேசிய பழங்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கோப்பிக் கேத்தல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில். அதன் படத்தை அம்மாவுக்குக் காட்டினேன். கைபிடி என்ன மரம் என்று கேட்டார். கருங்காலி என்றேன். எங்கள் செம்புக்குக் கைபிடி இல்லை என்றார்.