தாங்கிய கரங்கள்

வாசகரே, பனித்தளத்தில் ஆணும் பெண்ணுமாய் இருவர் சறுக்கி ஆடும் போட்டியைத் தொலைக்காட்சியில் நீங்கள் பார்த்திருக்கலாம். நம் கண் பெரும்பாலும் பெண்ணின் மேலேயே நிற்கும். காற்றில் சுழல்பவள் அவள். ஒரு காலில் வந்திறங்கிப் புன்னகைப்பவளும் அவளே. அவளைத் தலைக்கு மேலே தூக்கியும், எறிந்தும், விழாமல் ஏந்தியும் இறக்கிவிடுகிறவனை நாம் பிறகுதான் பார்க்கிறோம். அந்த வேலையை உலகில் மிகச் சிறப்பாகச் செய்தவர்களுள் ஒருவர் ரஷ்யரான சேர்கேய் கிறின்கோவ்.

இவர் 1967 பெப்ரவரி 4ஆம் திகதி மொஸ்கோ நகரில் பிறந்தார். தந்தையும் தாயும் காவற்றுறையில் பணிபுரிந்தவர்கள். ஐந்து வயதில் சோவியத் இராணுவ விளையாட்டுக் கழகத்தின் சிறுவர் பள்ளியில் சேர்க்கப்பட்டார். ஆனால் தனியாக ஆடுவோருக்கு உயரமான பாய்ச்சல்கள் வேண்டும். அதில் இவர் முன்னணிக்கு வரக்கூடியவராகத் தெரியவில்லை. அதனால் 1981இல் பயிற்சியாளர்கள் இவரை இணை ஆட்டத்துக்கு மாற்றி, அதே கழகத்தில் பயின்ற எக்கத்தரீனா கோர்தீவா என்ற சிறுமியோடு சேர்த்துவிட்டார்கள். இவருக்கு வயது 14, அவளுக்கு 10. தனியே வெல்ல முடியாதென்று ஒதுக்கப்பட்ட பையனுக்கு அதுவே வாழ்வின் வாசலாயிற்று.

அதன்பின் ஏற்றம் விரைவானது. 1986இல் ஜெனீவாவில் இருவரும் உலக வெற்றியாளர்களானார்கள். அப்போது கோர்தீவாவுக்கு வயது 14தான். 1987, 1989, 1990ஆம் ஆண்டுகளிலும் அப்பட்டம் அவர்களுக்கே கிடைத்தது. பெண்ணை மேலே எறிந்து, அவள் நான்கு முறை சுழன்று வரும்வரை காத்திருந்து இடையிற் பிடிக்கும் கடினமான வித்தையையும் அவர்கள் செய்து காட்டினர். எறிவதைவிடப் பிடிப்பதே கடினம் என்று இக்கலை தெரிந்தோர் சொல்வார்கள்.

1987இல் சரயேவோ நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. சேர்கேயின் காற்சட்டையைச் சப்பாத்தோடு பிணைத்திருந்த பட்டி ஆட்டத்தின் நடுவே கழன்று தொங்கியது. ஆபத்தென்று கண்ட நடுவர் இசையை நிறுத்தினார். இருவரோ நிற்கவில்லை, இசையே இல்லாமல் முழு ஆட்டத்தையும் ஆடி முடித்தனர். மறுபடி ஆடச் சம்மதியாததால் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பிடிவாதம்தான், ஆனாலும் இசையில்லாமலும் கால் தவறாத அந்த ஒத்திசைவை எண்ணிப் பாருங்கள்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் நடந்தது இதைவிடப் பெரிய காரியம். பயிற்சியின்போது சேர்கேயின் சறுக்குச் சப்பாத்தின் அலகு பனியிலிருந்த ஒரு கீறலிற் சிக்கியது. அவர் தடுமாற, தலைக்கு மேலே தூக்கியிருந்த கோர்தீவா பனியில் விழுந்து தலையில் அடிபட்டார். வைத்தியசாலையிற் கிடந்தவரைப் பார்க்க சேர்கேய் றோஜாப் பூக்களோடு போனார். அதன் பிறகு அவர் தன்னைப் பிடிக்கும் விதமே மாறிவிட்டதாகக் கோர்தீவா பின்னாளில் எழுதியிருக்கிறார். அடுத்த பெப்ரவரியில், 1988இல், கனடாவின் கல்கரி நகரில் இருவரும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள்.

சிறுவயதுத் தோழமை காலப்போக்கில் காதலாயிற்று. இதற்கிடையில் சேர்கேயின் தந்தை மாரடைப்பால் இறந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1991 ஏப்ரலில் மொஸ்கோவில் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். சோவியத் ஆட்சி இன்னும் முடியாத அந்த நாளில், அரச பதிவோடு நின்றுவிடாமல் ஒர்த்தடொக்ஸ் ஆலயத்திலும் திருமண ஆசீர் பெற்றார்கள். 1992 செப்டெம்பரில் அமெரிக்காவில் மகள் டாரியா பிறந்தாள்.

தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருந்த இவர்களுக்கு, விதிகள் தளர்ந்ததால் 1994இல் நோர்வேயின் லில்லெஹாமர் ஒலிம்பிக்கில் மீண்டும் பங்குகொள்ள வழி பிறந்தது. பேத்தோவனின் நிலவொளி சொனாட்டாவுக்கு ஆடினார்கள். சேர்கேய் ஒரு பாய்ச்சலிற் சற்றே தவறினார். எனினும் தங்கம் அவர்களுக்கே. கல்கரியில் ஆடியவர்கள் துடிப்பான இரு பிள்ளைகள். லில்லெஹாமரில் ஆடியவர்களோ கணவனும் மனைவியும். என் பார்வையில் இரண்டாவது பதக்கமே பெறுமதி கூடியது.

1995 நவம்பர் 20. அமெரிக்காவின் லேக் பிளசிட் நகரில், வரவிருந்த சுற்றுலாக் காட்சிக்காகக் கிறீக்கின் பியானோ இசைக்கு இருவரும் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவியைத் தூக்கவேண்டிய கட்டத்தில் சேர்கேயின் கைகள் வரவில்லை. மெல்ல முழங்கால் மடித்துப் பனியிற் படுத்துக்கொண்டார். முன்பிருந்த முதுகு வலிதான் திரும்பிவிட்டதென்று மனைவி முதலில் எண்ணினார். வைத்தியசாலையில் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. வயது 28.

இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடிகள் மிக மோசமாக அடைபட்டிருந்தன என்று பிரேத பரிசோதனை காட்டியது. புகழின் உச்சியில், தினமும் பயிற்சி செய்த இளைஞனுக்கா இப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். வைத்தியர்களும் அதையே கேட்டார்கள். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய இரத்தத்தைச் சோதித்து, இளவயது மாரடைப்போடு தொடர்புடையதாகக் கருதப்படும் ஒரு மரபணு வேறுபாட்டை அதிற் கண்டார்கள். மகனுக்கும் தந்தைக்கும் மரணம் ஒரே வழியில் வந்திருந்தது. வலிமையான உடல் என்றால் நோய் அண்டாது என்று நம் வீடுகளிற் சொல்லித் தைரியப்படுவோர் உண்டல்லவா? அவர்களுக்கு இந்தச் செய்தி தெரிந்திருப்பது நல்லது.

உடல் மொஸ்கோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு வகான்கோவோ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 24 வயதில் விதவையான கோர்தீவாவுக்கு ஆடுவதற்கு இனித் துணை இல்லை. வேறொருவர் கையைப் பற்றவும் மனமில்லை. ஆனாலும் 1996 பெப்ரவரி 27ஆம் திகதி, அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் கணவரின் நினைவாக நடந்த நிகழ்ச்சியில் அவர் பனித்தளத்தில் இறங்கினார். பத்து வயது முதல் சேர்கேயோடு ஆடிவந்தவர், அன்று மாலரின் மெதுவான இசைக்குத் தனியே ஆடினார். தூக்குதல் இல்லை, எறிதல் இல்லை. பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடம் வெறுமையாகவே இருந்தது. அன்றிரவு மூன்று வயது டாரியாவும் பனித்தளத்துக்கு வந்து தாயோடு நின்றாள்.