கட்சியே இல்லாமல் முதல்வர் நாற்காலி: யார் இந்த டாக்டர் ப.சுப்பராயன்?

சுயேச்சையாக ஜெயித்த ஒருவர் முதல்வர் ஆக முடியுமா? இந்தக் கேள்வி வந்தாலே 2006-ல் ஜார்க்கண்ட் முதல்வரான மது கோடாவைத்தான் பலரும் உதாரணம் காட்டுவார்கள். ஆனால் அதற்கு 80 வருஷத்துக்கு முன்பே சென்னையில் இது நடந்துவிட்டது. 1926 டிசம்பர் 4-ம் தேதி சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாகப் பொறுப்பேற்ற டாக்டர் ப.சுப்பராயன், எந்தக் கட்சியிலும் இல்லாதவர். அந்தப் பதவியில் கிட்டத்தட்ட நான்கு ஆண்டுகள் தாக்குப்பிடித்தார்.

இன்று அவர் பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியாது. மோகன் குமாரமங்கலத்தின் அப்பா என்றால் கொஞ்சம் பேருக்குப் புரியும்.

1889-ல் பிறந்த சுப்பராயன், திருச்செங்கோடு பக்கத்திலிருக்கும் குமாரமங்கலத்தின் ஜமீன்தார். மைனர் ஜமீன்தார்களுக்கென்றே சென்னையில் இருந்த நியூயிங்டன் பள்ளி, பிறகு மாநிலக் கல்லூரி, அதற்கப்புறம் ஆக்ஸ்போர்டின் வாதம் கல்லூரி என்று படிப்பு போனது. சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர். கல்யாணம் மட்டும் ஜமீன் வழக்கப்படி நடக்கவில்லை. மங்களூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்காக உழைத்த குத்முல் ரங்கராவின் மகள் ராதாபாயை மணந்தார். பெண் பிராமணர், மாப்பிள்ளை கொங்கு வேளாளக் கவுண்டர். 1910-களில் இது சாதாரண விஷயம் இல்லை.

சரி, கட்சி இல்லாதவர் எப்படி முதல்வர் ஆனார்?

அப்போது நடந்தது இரட்டை ஆட்சி முறை. போலீஸ், நிதி, நிலவருவாய் எல்லாம் கவர்னர் கையில். கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி போன்ற துறைகள் மட்டும் இந்திய மந்திரிகளுக்கு. ஓட்டுரிமையும் சொத்து, வரி அடிப்படையில் சிலருக்குத்தான். புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்ததால், ஆவூர் மாதிரி அங்கிருந்த ஊர்க்காரர்களுக்கு இந்தத் தேர்தலோடு சம்பந்தமே கிடையாது. ஆனாலும் அந்தச் சபையை அதிரவைத்த இரண்டு பேர் அந்த மண்ணிலிருந்துதான் வந்தார்கள். அதைப் பிறகு பார்ப்போம்.

1926 தேர்தலில் 98 இடங்களில் 41-ஐ சுயராஜ்யக் கட்சி பிடித்தது. ஆளும் ஜஸ்டிஸ் கட்சிக்கு 21 தான். ஜெயித்தவர்கள் ஆட்சி அமைப்பார்கள் என்று பார்த்தால், சுயராஜ்யக் கட்சியோ பதவியே வேண்டாம் என்றது. இரட்டை ஆட்சியை உள்ளே இருந்தே முடக்குவதுதான் அதன் கொள்கை. ஜஸ்டிஸ் கட்சிக்கு எண்ணிக்கை இல்லை. கவர்னர் கோஷன் பிரபு சுயேச்சைகள் பக்கம் திரும்பினார். சுப்பராயன் முதல் மந்திரி ஆனார். ஏ.ரங்கநாத முதலியாரும் ஆர்.என்.ஆரோக்கியசாமி முதலியாரும் உடன் மந்திரிகள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் போக சபையில் இருந்த அதிகாரிகள், நியமன உறுப்பினர்களின் தயவில்தான் வண்டி ஓடியது.

கவர்னரின் பொம்மை என்ற விமர்சனம் அன்றே இருந்தது. அதில் நியாயமும் இருக்கிறது. பின்னால் நிற்கக் கட்சி இல்லாதவருக்கு, பதவி கொடுத்தவரின் ஆதரவுதான் ஒரே பிடிமானம்.

அந்தப் பிடிமானம் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை 1928-ல் சைமன் கமிஷன் காட்டிக்கொடுத்தது. இந்தியர் ஒருவர்கூட இல்லாத அந்தக் கமிஷனைப் புறக்கணிக்கும் தீர்மானம் சபையில் நிறைவேறியது. மந்திரிசபை உடைந்தது. சக மந்திரிகள் இருவரும் ராஜினாமா செய்துவிட்டுப் போனார்கள். சுப்பராயன் மட்டும் போகவில்லை. அதுவரை எதிரே உட்கார்ந்திருந்த ஜஸ்டிஸ் கட்சி ஆதரவு தர, எஸ்.முத்தையா முதலியாரும் எம்.ஆர்.சேதுரத்தினம் ஐயரும் புதிய மந்திரிகளாக வந்தார்கள். நாடே கறுப்புக்கொடி பிடித்த நேரத்தில் நாற்காலியில் ஒட்டிக்கொண்டார் என்ற பெயர் அவருக்கு நல்லதாக அமையவில்லை.

ஆனால் தமிழ்நாட்டின் வரலாறு மாறியதும் அந்த ஒட்டுப்போட்ட மந்திரிசபையில்தான். ஜஸ்டிஸ் கட்சி 1921-லேயே கொண்டுவந்தும் காகிதத்திலேயே கிடந்த வகுப்புவாரி ஆணையை, முத்தையா முதலியார் நிஜமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அரசுப் பணியில் 12 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் சேர்த்து 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1. இன்றைய 69 சதவீதம் வரைக்குமான கதை இங்கிருந்துதான் கிளம்புகிறது. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்ய, அதற்காகவே அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் வந்தது.

டி.என்.பி.எஸ்.சி-க்குப் படிப்பவர்களுக்கு ஒரு தகவல்: அதன் முன்னோடியான சென்னை தேர்வாணையத்துக்குச் சட்டம் போட்டதும் 1929-ல், இவர் காலத்தில்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகச் சட்டமும் அப்படியே.

இப்போது புதுக்கோட்டைக்காரர்கள். ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. நியமன உறுப்பினராக வந்து, சபையின் துணைத் தலைவரும் ஆனார். தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தை 1927-ல் கொண்டுவந்து, 1929-ல் கோயில் சேவைக்குப் பதிலாகத் தரப்பட்ட மானிய நிலங்களை அந்தப் பெண்களுக்கே விடுவிக்கும் சட்டத்தையும் சாதித்தார். இன்னொருவர் திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி. சுயராஜ்யக் கட்சியின் பெரிய பேச்சாளர். தேவதாசி முறை ஒழிப்பைக் கடுமையாக எதிர்த்தவரும் அவர்தான். ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர் இங்கே பழமைக்குக் காவல் நிற்க, வெள்ளைக்காரர் தயவில் இருந்த ஆட்சியில் சீர்திருத்தம் நகர்ந்தது. யார் முற்போக்கு, யார் பிற்போக்கு என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுத முடியாத காலம் அது.

1930 தேர்தலில் ஜஸ்டிஸ் கட்சி திரும்பி வந்தது. பி.முனுசாமி நாயுடு முதல் மந்திரி. சுப்பராயன் எதிர்வரிசைக்குப் போனார். அங்கிருந்துதான் 1932-ல் ஒடுக்கப்பட்ட சாதியினரின் கோயில் நுழைவுக்காக ஒரு மசோதாவைக் கையில் எடுத்தார். காந்தியும் அதை உற்றுக் கவனித்தார். ஆனால் 1933 ஜனவரியில் வைஸ்ராய் அனுமதி மறுத்துவிட்டார். சபைக்கு வரும் முன்பே மசோதா செத்தது.

அதன் பிறகு காங்கிரஸில் சேர்ந்தார். தனியாளாக இருந்தால் மசோதாவைக்கூட உயிரோடு வைத்திருக்க முடியாது என்று பட்டிருந்தால் ஆச்சரியமில்லை. கட்சி அவருக்குப் பலம் தந்தது. விலையும் கேட்டது.

1937-ல் ராஜாஜி மந்திரிசபையில் சட்டம், கல்வித் துறைகள் அவரிடம் வந்தன. 1938-ல் பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்ற உத்தரவு வந்தபோது கல்வி மந்திரி வேறு யாருமில்லை, சுப்பராயன்தான். பெரியார் சிறை போனார். நடராசனும் தாளமுத்துவும் சிறைவாசத்தில் உயிரிழந்தார்கள். 1940-ல் கவர்னர் ஆட்சியில்தான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதே மந்திரிசபை 1939-ல் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்ததையும் சொல்லியாக வேண்டும்.

இடையில் 1938 முதல் 1946 வரை இந்திய கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். அரசியல்வாதிகளுக்கும் பி.சி.சி.ஐ-க்கும் உள்ள உறவு அவ்வளவு பழசு! சுதந்திர சமயத்தில் ஓமந்தூரார் மந்திரிசபையில் உள்துறை, அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், இந்தோனேசியாவுக்கு முதல் இந்தியத் தூதர் என்று பதவிகள் தொடர்ந்தன.

1955-ல் பி.ஜி.கெர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைந்தது. அதில் உறுப்பினராக இருந்த சுப்பராயன், பெரும்பான்மையினரின் அறிக்கையோடு ஒத்துப்போகவில்லை. வங்க மொழியியலாளர் சுநீதி குமார் சாட்டர்ஜியும் இவரும் தனித்தனியாக மாற்றுக் கருத்து எழுதினார்கள். இந்தி பேசாத மக்கள்மேல் அவசரமாக இந்தியைச் சுமத்தக் கூடாது என்பது அதன் சாரம். 18 வருஷத்துக்கு முன் கட்டாய இந்திக்குப் பொறுப்பான துறையைக் கையில் வைத்திருந்தவர், இந்த முறை சொந்தக் கட்சி ஆளும் டெல்லியிலேயே தனியாக நின்றார்.

வீட்டிலும் கட்சிக் கட்டுப்பாடு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. மனைவி ராதாபாய் 1930-ல் முதல் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். 1938-ல் மத்திய மேல்சபைக்குத் தேர்வான முதல் பெண். மூத்த மகன் பி.பி.குமாரமங்கலம் பிற்பாடு ராணுவத் தளபதி. இன்னொரு மகன் கோபால் பொதுத்துறை நிறுவனங்களை நடத்தினார். மோகனும் மகள் பார்வதியும் கம்யூனிஸ்ட்கள்.

1957 தேர்தலில் சுப்பராயன் திருச்செங்கோட்டில் காங்கிரஸ் வேட்பாளராக ஜெயித்தார். பார்வதி கிருஷ்ணன் கோவையில் இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளராக ஜெயித்தார். 1959-ல் நேரு மந்திரிசபையில் அப்பா போக்குவரத்து, தகவல் தொடர்பு மந்திரி ஆனபோது, மகள் எதிர்க்கட்சி வரிசையில் இருந்தார். 1962 ஏப்ரலில் மகாராஷ்டிர ஆளுநராக அனுப்பப்பட்ட சுப்பராயன், ஆறு மாதம்கூட முடியாத நிலையில் அக்டோபர் 6-ம் தேதி பதவியில் இருக்கும்போதே காலமானார்.