அலெக் போர்ன்: தன் மீதே வழக்கைக் கேட்டு வாங்கிய மருத்துவர்

1938ஆம் ஆண்டு ஜூலை மாதம் லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் நடந்த ஒரு வழக்கு, பிரிட்டனில் மட்டுமன்றி, பிரிட்டிஷ் ஆட்சியின் சட்டங்களைப் பின்பற்றிய வேறு பல நாடுகளிலும் கருக்கலைப்பு குறித்த விவாதத்தின் போக்கை மாற்றியது.

அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர், பிரிட்டனின் முன்னணி மகப்பேறு மருத்துவர்களில் ஒருவரான அலெக் போர்ன். அவரைக் காவல்துறை தேடிப் பிடிக்கவில்லை. பதினான்கு வயதுச் சிறுமி ஒருவரின் கருவைக் கலைத்ததாக அவரே அதிகாரிகளுக்குத் தெரிவித்து, தன் மீது வழக்குத் தொடரும் நிலையை உருவாக்கினார்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கருக்கலைப்புக்குச் சட்ட அனுமதி வழங்க முற்பட்டபோது, அதை எதிர்த்த அணியில் நின்றவரும் இதே போர்ன்தான். கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்போர், எதிர்ப்போர் ஆகிய இரு தரப்பினருமே இன்றுவரை அவரது பெயரை எடுத்தாள்வதற்கு இதுவே காரணம்.

தெளிவற்ற சட்டம்

1886ஆம் ஆண்டு பிறந்த போர்ன், கேம்பிரிட்ஜிலும், லண்டன் பாடிங்டனில் உள்ள செயின்ட் மேரீஸ் மருத்துவமனையிலும் பயின்றவர். பின்னர் அதே மருத்துவமனையிலும், குயின் சார்லட்ஸ் மகப்பேறு மருத்துவமனையிலும் நிபுணராகப் பணியாற்றினார். மகப்பேறு மருத்துவம் பயிலும் மாணவர்களுக்காக அவர் எழுதிய பாடநூல் பல பதிப்புகளைக் கண்டது.

அவரது காலத்தில் நடைமுறையில் இருந்தது 1861ஆம் ஆண்டின் உடல் சார்ந்த குற்றங்கள் சட்டம். அதன் 58ஆவது பிரிவு, சட்டவிரோதமாகக் கருவைக் கலைப்பவருக்கு, அவர் கருவுற்ற பெண்ணாகவே இருந்தாலும், ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்தது. ஆனால், சட்டவிரோதமாக என்ற சொல் இருப்பதால், சட்டப்படியான கருக்கலைப்பு என்று ஒன்று இருக்கக்கூடுமா என்ற கேள்விக்கு அந்தச் சட்டம் விடை கூறவில்லை.

தாயின் உயிருக்கு ஆபத்து நேரும்போது மருத்துவர்கள் கருவைக் கலைப்பது வழக்கத்தில் இருந்தது. எனினும் அதன் எல்லை எது என்பதை எவரும் உறுதியாக அறிந்திருக்கவில்லை. வசதி படைத்த பெண்கள் தனியார் மருத்துவமனைகளில் இரகசியமாகச் சிகிச்சை பெற முடிந்தது. ஏழைப் பெண்களோ மருத்துவப் பயிற்சியற்றவர்களை நாடி உயிரிழந்தனர். 1936இல் கருக்கலைப்புச் சட்டச் சீர்திருத்தச் சங்கம் லண்டனில் உருவானது. அடுத்த ஆண்டு, இந்தப் பிரச்சினையை ஆராய நார்மன் பர்கெட் தலைமையில் அரசு ஒரு குழுவை நியமித்தது.

சிறுமியின் வழக்கு

இந்தச் சூழலில்தான், 1938 ஏப்ரலில், லண்டனில் ஒரு சிறுமி இராணுவ வீரர்களால் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டுக் கருவுற்றார். ஒரு மருத்துவமனை அவருக்குக் கருக்கலைப்பு செய்ய மறுத்துவிட்டது. சீர்திருத்தச் சங்கத்தைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் மாலசன் இது குறித்து போர்னுக்குக் கடிதம் எழுதினார்.

போர்ன் உடனடியாக அறுவை சிகிச்சை செய்துவிடவில்லை. சிறுமியை மருத்துவமனையில் சேர்த்துச் சில நாட்கள் கவனித்தார். அவரது மனநிலையையும் நடத்தையையும் எடைபோட்ட பின்னரே முடிவெடுக்க அவர் விரும்பினார். பரிசோதனை ஒன்றின்போது சிறுமி மனமுடைந்து அழுததே தன்னை முடிவுக்குக் கொண்டு வந்ததாக அவர் பின்னர் விளக்கினார். ஜூன் 14ஆம் தேதி, பெற்றோரின் சம்மதத்துடன், கட்டணம் ஏதும் பெறாமல், செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் அறுவை சிகிச்சையைச் செய்தார்.

வழக்கு விசாரணை ஜூலை 18, 19 ஆகிய இரு நாட்கள் நடந்தது. அரசுத் தரப்பில் அட்டர்னி ஜெனரலான டொனால்ட் சாமர்வெல்லே வாதாடினார். தாயின் உயிரைக் காப்பது என்பதையும் அவரது உடல்நலத்தைக் காப்பது என்பதையும் ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்துப் பார்க்க முடியாது என்பது போர்ன் தரப்பின் வாதம்.

நீதிபதி மெக்நாட்டன் ஜூரிகளுக்கு வழங்கிய விளக்கமே வழக்கின் மையமாக அமைந்தது. கருவுற்ற நிலை தொடர்ந்தால் அந்தப் பெண் உடலளவிலோ மனதளவிலோ சிதைந்துபோவார் என்று ஒரு மருத்துவர் போதிய அறிவோடும் தக்க காரணங்களோடும் நம்பினால், அவர் தாயின் உயிரைக் காக்கவே செயல்பட்டார் என்று ஜூரிகள் கருதலாம் என்பது அவரது விளக்கத்தின் சாரம். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் ஜூரிகள் போர்னை விடுவித்தனர்.

வெற்றியும் விலகலும்

சட்டத்தில் ஒரு சொல் கூட மாறவில்லை. ஆனால் மனநலம் என்பது முதல் முறையாக ஒரு காரணமாக ஏற்கப்பட்டது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில், மனநல மருத்துவரின் சான்றைப் பெற வசதியுள்ள பெண்கள் இந்தத் தீர்ப்பின் பாதுகாப்பில் சிகிச்சை பெற்றனர். அந்த வசதி இல்லாதவர்களின் நிலை பெரிதாக மாறவில்லை.

இந்த இடைவெளியை நீக்கும் நோக்கில் டேவிட் ஸ்டீல் கொண்டுவந்த மசோதா 1967இல் சட்டமானது. ஆனால் அந்த மாற்றத்தை போர்ன் வரவேற்கவில்லை. கருவில் உள்ள குழந்தைகளைப் பாதுகாப்பதற்கென அக்காலத்தில் தொடங்கப்பட்ட சங்கத்தில் அவர் இணைந்தார். பெண் கேட்டதும் கருவைக் கலைக்கும் நிலை உருவாகும் என அவர் அஞ்சினார். தான் கருக்கலைப்பு செய்ய மறுத்த பெண்கள், குழந்தை பிறந்த பின் மகிழ்ச்சியே அடைந்தனர் என்பது அவர் வலியுறுத்திய அனுபவம். 1974ஆம் ஆண்டின் இறுதியில் அவர் காலமானார்.

அவர் தன் கொள்கையைக் கைவிட்டுவிட்டார் என்பது ஒரு சாராரின் விமர்சனம். தன் தவறை உணர்ந்து திருந்தினார் என்பது மறுசாராரின் விளக்கம். ஆனால் அவரது வாழ்வை முழுமையாக நோக்கினால், இரண்டுமே பொருந்துவதாகத் தெரியவில்லை. 1938இலும் 1967இலும் அவரது நிலைப்பாடு ஏறத்தாழ ஒன்றே. கருக்கலைப்பு சில வேளைகளில் அவசியம், அந்த வேளை எது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர் என்பதே அது. பெண்ணுக்கே அந்த முடிவு உரியது என்ற கருத்தை அவர் ஒருபோதும் ஏற்கவில்லை. அந்தச் சிறுமிக்குக் கிடைத்ததும் உரிமையன்று. ஒரு மருத்துவர் அவரைச் சோதித்து, தகுதியானவர் எனக் கண்டு அளித்த உதவியே அது.

தெற்காசியாவில் அதன் எதிரொலி

சட்டன், டூட்டிங், ஹாரோ என லண்டனின் பல பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெண்களுக்குப் பொருந்தும் 1967ஆம் ஆண்டுச் சட்டமும், இரு மருத்துவர்களின் ஒப்புதலையே அடிப்படையாகக் கொண்டது. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண் மீது வழக்குத் தொடரக்கூடாது என இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமாக மக்களவை உறுப்பினர்கள் வாக்களித்தது 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான்.

இந்தியாவில், 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே விலக்களித்தது. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், வல்லுறவால் ஏற்படும் கருவை, பெண்ணின் மனநலத்துக்கு நேரும் கடும் பாதிப்பாகவே கருத வேண்டும் என்றது. போர்ன் ஜூரிகளின் முன் நிறுவ வேண்டியிருந்த ஒன்றை, இந்தியச் சட்டம் நிரூபணம் கேளாமலே ஏற்றுக்கொண்டது எனலாம்.

இலங்கையிலோ, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆவது பிரிவும் தாயின் உயிரைக் காப்பது என்ற ஒரே விலக்கைத்தான் கொண்டிருந்தது. வல்லுறவு, கடுமையான கருக் குறைபாடு போன்ற காரணங்களையும் சேர்க்க 1995இல் நாடாளுமன்றத்தில் நடந்த முயற்சி கைவிடப்பட்டது. 2017இல் மீண்டும் எழுந்த யோசனையும் மதத் தலைவர்களின் எதிர்ப்பைச் சந்தித்து நின்றுபோனது.

போர்ன் தன் தொழிலையும் சுதந்திரத்தையும் பணயம் வைத்து ஒரு சட்டத்தின் தெளிவின்மையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார் என்பதில் ஐயமில்லை. ஆனால் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு அவர் தந்த விடை, அவர் காலத்திலேயே போதாததாகிவிட்டது. அரசுக்கா, மருத்துவருக்கா, பெண்ணுக்கா என்ற அந்தக் கேள்வி லண்டனிலும் கொழும்பிலும் டில்லியிலும் வெவ்வேறு வடிவங்களில் தொடர்கிறது. அதைத் தொடங்கிவைத்த வழக்கு மருத்துவரின் பெயராலேயே சட்ட நூல்களில் அறியப்படுகிறது. அந்தச் சிறுமிக்கு அவற்றில் பெயர் இல்லை.